நாற்பத்திரண்டு நாற்காலிகள்

சாப்பாட்டு மேசையில் இரண்டு சம்பளச் சீட்டுகள்.
ஒன்று என் தம்பி லீலண்டுடையது:
பீரங்கிப் படை, சார்ஜென்ட்.
மற்றது என்னுடையது:
அதே ஓக்லஹோமா முகாம், அதே முள்வேலி,
சீருடை இல்லாத கொள்முதல் பிரிவு.
நடுவில் சோளரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

“உன் வாடகைய அரசாங்கம் குடுக்குது.
அதுக்கு வரியும் கெடையாது” என்றேன்.
“உனக்கு அஞ்சு மணிக்கு மேல வேலை கெடையாது” என்றான்.
“உனக்குப் பல்லு புடுங்குனா இலவசம்.
எனக்குப் பிடித்தம். பாரு, மூணாவது வரி.”
“இதையும் பாரு” என்று
கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினான்.

சீட்டை இரண்டு பக்கமும் திருப்பினேன்.
முழங்காலுக்கென்று எந்த வரியும் இல்லை.

நான் வேலையை விட ஒரு கடிதம் போதும்.
அவன் அப்படி விட்டால்
தேடிக்கொண்டு ஜீப் வரும்.
இது பாத்திரம் துலக்கும்போது தோன்றியது.
அவனிடம் சொல்லவில்லை.
அவ்வளவு பெருந்தன்மை
அக்காவாகப் பிறந்தவளுக்கு வாய்ப்பதில்லை.

செப்டம்பர் முப்பது எங்களுக்கு வருடக் கடைசி.
மிச்சம் பிடித்த பிரிவுக்கு
அடுத்த வருடம் அந்த அளவுக்கு வெட்டு.
சிக்கனம் இங்கே தண்டனைக்குரிய குற்றம்.
ஸ்டாக்டேல் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்:
“முப்பத்தோராயிரம் டாலர் நிக்குது.
ராத்திரிக்குள்ள ஏதாச்சும் வாங்கிடு.”

நாற்காலி வாங்கினேன். நாற்பத்திரண்டு.
நாங்கள் பத்தொன்பது பேர்.
போன வருடமும் நாற்காலிதான்,
அதற்கு முந்தைய வருடம் திரைச்சீலை.

ஜன்னல் அதிர்ந்தது.
மேற்கே, லீலண்டின் ஆட்கள்
வருடத்தின் மிச்சக் குண்டுகளைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.
குன்றின் மேல் ஒரு பழைய லாரி.
அது செத்து ஒன்பது வருடம்.
அதையே திரும்பத் திரும்பக் கொன்றார்கள்.
ஒவ்வொரு அதிர்வுக்கும் என் காப்பியில் ஒரு வளையம்.
வளையம் அடங்குமுன் நான் ஒரு கையெழுத்து.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டுமாம்.
அளக்காமலா?
அவன் குண்டுக்கு வரிசை எண் உண்டு.
என் நாற்காலிக்கு மூன்று படிவம்.
தானியம் எண்ணுவதுபோல் எண்ணித்தான்
ஆற்றில் போட்டோம்.

மறுநாள் காலை,
தலைநகரில் யாரோ யாருக்கோ ஒப்பவில்லை என்று
அரசாங்கத்தைப் பூட்டினார்கள்.
சம்பளமில்லாமல் நான் வீட்டில்.
சம்பளமில்லாமல் அவன் வேலையில்.
இதில் எது மேல் என்று
முதல் வாரம் அதற்கும் சண்டை போட்டோம்.
இரண்டாம் வாரம் போடவில்லை.

மூன்றாம் வியாழன், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்
உருளைக்கிழங்கு தருகிறார்கள் என்று போனேன்.
எனக்கு முன்னால் இரண்டு பையன்கள்,
சீருடை தெரியாதிருக்க
மேலே மழைக்கோட்டு. வெளியே நல்ல வெயில்.
பிர்டைன் அம்மாள் எண் எழுதிய அட்டை தந்தார்: அறுபத்தேழு.
“நேரமாகும் கண்ணு, உக்காரு.”

உட்கார்ந்தேன்.
முழங்கைக்கு ஏதோ பழக்கமாய் இருந்தது.
இடது கைப்பிடியில் கறுப்பு ஒட்டுநாடா,
நுனியை நான் பல்லால் கடித்துக் கிழித்த அந்தக் கோணல்.
எட்டு வருடம் நான் உட்கார்ந்தது.

“இதெல்லாம் எங்க கெடச்சுது?”
“முகாம் ஏலத்துல. ஒண்ணு ஒரு டாலர்.
எவ்வளவு நல்லா இருக்கு பாரு,
எந்தப் புண்ணியவான் தள்ளிவிட்டானோ.”

புதியவை பூட்டிய கட்டடத்தில்
பிளாஸ்டிக் உறையோடு நிற்கும்.
யாரும் உட்காராத நாற்பத்திரண்டு மடிகள்.

லீலண்ட் வந்தான்.
என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் சுற்றிவந்து,
பக்கத்து நாற்காலியில்
முழங்காலைக் கையால் தூக்கி வைத்து அமர்ந்தான்.
அட்டையைப் பார்த்தேன். எண்பத்தொன்று.
பத்தாண்டில் முதல்முறையாக
நான் அவனைவிட முன்னால்.

“வசதியாத்தான் இருக்கு” என்றான்,
கைப்பிடியைத் தட்டி.
நான் வாய் திறக்கவில்லை.

பெயருக்கு ஏதாவது பேசவேண்டுமே என்று கேட்டேன்:
“குண்டு மிச்சம் இருக்கா?”
“ஒண்ணுகூட இல்ல” என்றான்,
“சுத்தமாத் தொடச்சுக் குடுத்துட்டோம்.”

அறுபத்தேழைக் கூப்பிட்டார்கள்.